மூச்சு: பதினாறு

ஏழாம் அறைக்குள் யார் நுழைந்தாலும் ஷிவோயின் டிக்கெட் கேட்பார். முப்பத்தெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஐந்து நாட்களில் டாக்டர்கள், தரை துடைக்கிற பெண்கள், சூப் வண்டி தள்ளி வருகிறவர் என்று ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை. டிக்கெட் இல்லாதவர்களை அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடப் போவதாக மிரட்டினார். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மரியாதைக்குச் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் அவர் வாயைத் திறப்பதற்குள், வீட்டில் மறந்து வைத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மருந்துத் தட்டோடு உள்ளே வந்த நர்ஸ் ரத்மிலாவிடம் அவர் டிக்கெட் கேட்டதில் புதிதாக எதுவும் இல்லை. அவளும் வழக்கமான பதிலைச் சொன்னாள்.

"அப்ப நிஷ்ல இறங்கிக்கோம்மா," என்றார் ஷிவோயின். "இந்த வண்டி அதுக்கு மேல போகாது."

அவள் மாத்திரைகளை மேசைமேல் வைத்தாள். வாசல் வரை போனாள். அங்கே நின்றுவிட்டாள். எதற்காக நின்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எதையோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி கையிலிருந்த தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தட்டு சரியாகத்தான் இருந்தது.

அன்று 'மித்ரோவ்தான்' என்கிற திருநாள். ஷிவோயின் வீட்டில் குடும்பப் புனிதருக்கு எடுக்கும் 'ஸ்லாவா' விழாவும் அன்றைக்குத்தான். அவருடைய அப்பா தொண்ணூற்றொரு வயதில் அந்த வசந்தத்தில்தான் காலமாகியிருந்தார். ஸ்லாவா மெழுகுவர்த்தியை ஏற்றி, பாதிரியாரோடு சேர்ந்து ரொட்டியை வெட்டும் வீட்டுத் தலைவர் பொறுப்பு இந்த வருடம்தான் முதன்முதலாக அவர் கைக்கு வந்திருந்தது. அறுபத்தாறு வயது வரை காத்திருந்து கிடைத்த பதவி. நாற்பது பேருக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு மருமகன் காரோடு வருவான். காலையில் காய்ச்சல் இல்லையென்றால் தாராளமாகப் போகலாம் என்று டாக்டர் ஓப்ராட் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

காலையில் காய்ச்சல் இல்லை. ஏழேகால் மணிக்கு ரத்மிலாதான் அவருடைய அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். முப்பத்தாறு புள்ளி மூன்று. இயல்புக்கும் கொஞ்சம் கீழேதான். எட்டரைக்கு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். குழாயும் மூத்திரப் பையும் அப்படியே இருக்கட்டும், ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஷிவோயின் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததால் அவரை யாரும் எழுப்பவில்லை.

ரத்மிலா திரும்பவும் கட்டிலருகே வந்தாள். இப்போதுதான் அந்த வாசனை அவள் மூக்கில் ஏறியது. ரக்கியா, பிளம் பழச் சாராயம், அதுவும் வீட்டில் காய்ச்சியது. ஜன்னல் இறுக்க மூடியிருந்தது. குறுக்குக் காற்று அடித்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று பக்கத்துக் கட்டில் திஹோமிர் உறுதியாக நம்பியதால், ஏழாம் அறை ஜன்னலை ஐந்து நாளாக யாரும் திறந்ததில்லை. அதனால் வாசனை எங்கும் போகாமல் அறைக்குள்ளேயே நின்றிருந்தது.

விஷயம் இதுதானா என்று அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

இது எந்த ஊர் என்று அவரிடம் கேட்டாள். லாபோவோ என்றார். லாபோவோ இங்கிருந்து எத்தனையோ ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். வண்டி தாமதம் என்றார். அது வேடிக்கைப் பேச்சா, குடிப்பேச்சா, வேறெதுவுமா என்று பிரித்தறிய முடியவில்லை. வார்த்தைகள் எல்லாம் நேற்றைய வார்த்தைகள்தான். ஆனால் அவற்றுக்கு நடுவே ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது.

அது என்ன என்று கண்டுபிடிக்க அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. நேற்று வரைக்கும் ஷிவோயின் ஒரு வேடிக்கை சொன்னால், சொன்ன மறுகணமே எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார். சிரிக்கிறார்களா இல்லையா என்று அப்படியொரு ஆவலோடு பார்ப்பார். சிரிக்கவில்லையென்றால் இன்னொரு தடவை சொல்வார். இன்றைக்கு அவர் பார்க்கவில்லை. டிக்கெட் கேட்டார், நிஷ்ஷில் இறங்கச் சொன்னார், பிறகு போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாளா என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஒரு மனிதர் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லி டாக்டரை எப்படிக் கூப்பிடுவது?

அதிலும் அவள் கூப்பிடுவது. இந்த வசந்தத்தில், பித்தப்பை எடுத்த ஒரு அம்மாவுக்காக ஒரே நாளில் மூன்று தடவை டாக்டர் ஓப்ராட்டை வரவழைத்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு வாயுக் கோளாறு. அன்றிலிருந்து வார்டில் அவளுக்குச் 'சைரன்' என்று பெயர் விழுந்தது. டாக்டர் அதைக் கோபமாகச் சொல்வதில்லை, செல்லமாகத்தான் சொல்வார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பாள்.

அவள் இரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றுப் பத்துக்கு அறுபத்தைந்து. இளைஞனுக்கு இருக்க வேண்டிய அழுத்தம். நாடி எண்பத்தாறு. தெர்மாமீட்டரை மறுபடி வைத்தாள். முப்பத்தாறு புள்ளி ஐந்து. எதிலும் குறை சொல்ல இடமில்லை. இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டாள்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற வழியில் டாக்டர் ஓப்ராட் எட்டிப் பார்த்தார். தலையில் ஏற்கெனவே பச்சைத் தொப்பி.

"என்ன சைரன், எங்க தீப்பிடிச்சிருக்கு?"

அவள் நோயாளியின் பேச்சு சரியில்லை என்று ஆரம்பித்தாள். டாக்டர் கட்டிலுக்கு இரண்டடி தூரத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. குனிந்து, ரொட்டி வெட்ட வேண்டிய ஆள் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாரா என்று ஷிவோயினிடம் விசாரித்தார். ஷிவோயின் அவரிடமும் டிக்கெட் கேட்டார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். திஹோமிர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், திரும்பவே இல்லை.

"மித்ரோவ்தான் அன்னைக்கு வாசனை இல்லாத வீட்டுக்காரனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல," என்றார் டாக்டர். "காய்ச்சல் இல்ல, பிரஷர் என்னோடதைவிட நல்லா இருக்கு. தண்ணி குடுங்க, தூங்கட்டும். மருமகன் வந்து தூக்கிட்டுப் போகட்டும். யாரு பாட்டில் கொண்டுவந்தாங்கன்னு மட்டும் கேட்டு வைங்க."

அவர் குடல்வால் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். மணி பத்து இருபது.

ரத்மிலா தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்கு போயிற்று, மீதி மோவாய் வழியாக வழிந்தது. துடைத்துவிட்டாள். டாக்டர் சொன்னது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குடித்த மனிதர், திருநாள் காலை, ஒழுங்கான எண்கள். இவை மூன்றும் சேர்ந்தால் வருகிற விடை ஒன்றே ஒன்றுதான். வந்த விடையை ஏற்றுக்கொள்ள முடியாமல் தான் ஏன் இப்படி நிற்கிறோம் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. சைரன் என்று பெயர் வைத்தது சரிதானோ என்றுகூடத் தோன்றியது.

பதினொரு மணிக்குள் டிஸ்சார்ஜ் காகிதங்களை முடிக்க வேண்டும். கட்டில் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்தாள். ஐந்து நாளின் எண்கள் வரிசையாக இருந்தன. முதலில் இரத்த அழுத்தத்தைப் படித்தாள். திங்கள் நூற்று எழுபது. செவ்வாய் நூற்று அறுபத்தைந்து. புதன் நூற்று அறுபத்தெட்டு. நேற்று மாலை நூற்று அறுபது. இன்றைக்கு நூற்றுப் பத்து. மற்ற யாருக்கும் நல்ல எண். இவருக்கு?

நாடிக்கு வந்தாள். எண்பத்தாறு. ஆனால் இவர் இதயத்துக்காகத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறவர். அந்த மாத்திரை நாடியை ஓடவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்பத்தாறு என்பது உண்மையான எண்பத்தாறா, பிடித்துவைத்த எண்பத்தாறா?

அடுத்த கட்டம் மூச்சு. பதினாறு. பதினாறு. பதினாறு. ஐந்து நாளுக்கும், காலை மாலை இரண்டு வேளைக்கும், இன்று காலையும் சேர்த்து, மூன்று பேர் கையெழுத்தில் பதினொரு தடவை பதினாறு. கடைசியில் இருந்தது அவள் கையெழுத்து.

அவள் காலையில் மூச்சை எண்ணவில்லை. நேற்றும் எண்ணவில்லை. யாரும் எண்ணுவதில்லை. ஒரு நிமிடம் கட்டிலருகே சும்மா நின்று ஒருவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க முப்பது கட்டில் வார்டில் யாருக்கு நேரம்? முந்தின கட்டத்தைப் பார்த்து அடுத்த கட்டத்தை நிரப்பிவிடுவார்கள். இவள் இந்த வார்டுக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொண்ட வேலை அது.

கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு போர்வையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுதாக. இருபத்தெட்டு. நடுவில் தவறவிட்டோமோ, இரட்டையாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு நிமிடம் எண்ணினாள். முப்பது.

அவளுடைய சித்தப்பா ஒருவர் பெருங்குடியர். குடித்துவிட்டுப் படுத்தால் அவருடைய மூச்சு அடுத்தது வருமா வராதா என்று கேட்பவர்களுக்குப் பயமாக இருக்கும், அவ்வளவு நிதானம். இந்த மனிதரோ படுத்தபடியே மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

குனிந்து மூத்திரப் பையைத் தூக்கிப் பார்த்தாள். ஆறு மணிக்குக் காலி செய்த பை. அடியில் கறுப்புத் தேநீர் நிறத்தில் இரண்டு விரல்கடை தேங்கியிருந்தது. குடித்தவனுக்குப் பை நிறைந்து வழிய வேண்டாமா?

பிறகு அவள் செய்தது வேடிக்கையான காரியம். யாராவது பார்த்திருந்தால் வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். ஷிவோயினின் வாய்க்கு மேலே தன் முகத்தைக் கொண்டுபோய், அவர் விடுகிற மூச்சை முகர்ந்தாள்.

காய்ந்த நாக்கின் புளித்த வாடை. அவ்வளவுதான். ரக்கியாவின் வாசனை அங்கே இல்லவே இல்லை. நெஞ்சுப் பக்கம் குனிந்தாள், இருந்தது. வயிற்றுப் பக்கம் இருந்தது. காலடிக்குப் போகப் போகக் கண் எரிந்தது. போர்வையை விலக்கினாள். இரண்டு கால்களிலும் முட்டிக்குக் கீழே வரை சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகள். பிழிந்தால் சொட்டும் போல நனைந்திருந்தன. காலுறைக்கு மேலே, முட்டிகளைச் சுற்றித் தோல் ஊதாவும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"திஹோமிர் ஐயா," என்று கூப்பிட்டாள். "காலையில யாரு வந்தாங்க?"

திஹோமிர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பள்ளியில் புவியியல் வாத்தியாராக இருந்தவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். ஷிவோயினின் மனைவி வந்ததாகச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சமையலறை வழியாக ஆறரைக்கே வந்துவிட்டாளாம். பாட்டில் கொண்டுவந்தாளா என்று கேட்டாள். கொண்டுவந்தாள் என்றார்.

"டாக்டர் வந்தப்ப ஏன் சொல்லல?"

"அவர் என்கிட்ட எதுவும் கேக்கலையே," என்றார் திஹோமிர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு பொம்பளை அவ புருஷனோட துணியைக் கழட்டறா. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன். வேற என்ன பண்றது? எனக்கு ஒரு துண்டு வால்நட் கேக்கும் குடுத்தா."

ஷிவோயினின் மனைவி தெசான்கா அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தாள். ஒரு கையில் உறைபோட்ட கோட்டு சூட்டு, இன்னொரு கையில் புதுச் சட்டை. கோயிலுக்குப் போய்விட்டு நேராக வருகிறாள் போலிருந்தது, தலைமுடியில் சாம்பிராணி வாசனை. போர்வை விலகியிருப்பதையும் நர்ஸின் கையில் ஒரு ஈரக் காலுறை இருப்பதையும் பார்த்தாள். சூட்டைக் கீழே வைக்காமலேயே பேச ஆரம்பித்தாள்.

"குடிக்கக் குடுக்கல சிஸ்டர். சத்தியமா ஒரு சொட்டு உள்ள போகல. தேய்ச்சுவிட்டேன், அவ்வளவுதான். எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் இறக்குவோம்."

"எதை இறக்குவீங்க?"

தெசான்கா கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் ஷிவோயின் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தார்.

"காய்ச்சலை," என்றாள் தெசான்கா. "கை வெச்சா அடுப்பு மாதிரி சுட்டுது. கட்டிலே ஆடற மாதிரி நடுங்கிட்டிருந்தாரு. நெஞ்சு, முதுகு, அக்குள் எல்லாம் ரக்கியா போட்டுத் தேய்ச்சேன், காலுறையை நனைச்சு மாட்டினேன். என் பையில இருந்த காய்ச்சல் மாத்திரை ரெண்டு. அரை மணியில சில்லுன்னு ஆயிட்டாரு. சரியாப் போச்சுன்னு நினைச்சேன்."

"ஏன் எங்க யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா விடமாட்டீங்களே," என்றாள் தெசான்கா.

ரத்மிலாவுக்கு ஏழேகால் மணி ஞாபகம் வந்தது. ஈரம் காயாத அக்குளில் தான் தெர்மாமீட்டரைச் செருகியது. அப்போது அறையில் வாசனை இருந்ததா? இருந்திருக்க வேண்டும். திருநாள் காலையில் வார்டு முழுக்க யாரோ யாருக்கோ எதையோ கொண்டுவருவார்கள், மூக்கு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மறுபடி இரத்த அழுத்தம் பார்த்தாள். எண்பத்தெட்டு. அவள் அடுத்த அறையிலிருந்த சக நர்ஸை அழைத்து, இரண்டு கைகளிலும் ஊசி போட்டு வழி திறக்கச் சொல்லிவிட்டு, தியேட்டரை நோக்கி ஓடினாள்.

தியேட்டர் கதவின் கண்ணாடியில் தட்டினாள். உள்ளே டாக்டர் ஓப்ராட் நிமிர்ந்தார். கதவை ஒரு விரல் அளவு திறந்து, வாயிலிருந்து வார்த்தைகள் எந்த வரிசையில் வருகின்றன என்று தெரியாமலே சொன்னாள். காலையில் குளிர்நடுக்கம். காய்ச்சலை ரக்கியாவால் இறக்கியிருக்கிறார்கள். அவர் குடிக்கவில்லை. மூத்திரம் இல்லை. முட்டி திட்டுத் திட்டாக இருக்கிறது. அழுத்தம் எண்பத்தெட்டு. மூச்சு முப்பது.

"முப்பதா?" டாக்டரின் கைகள் அசையாமல் நின்றன. "காலையில பதினாறுன்னு பார்த்தேனே."

"எண்ணாம எழுதினேன் டாக்டர்."

உள்ளே இருந்த நான்கு பேரும் அதைக் கேட்டார்கள். முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்கள் அவளைப் பார்த்தன. அந்தப் பார்வையில் இருந்தது கோபமா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு அவர் வேறொரு குரலில், அவள் இதுவரை கேட்டிராத தாழ்ந்த குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"செப்சிஸ். நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. முதல்ல ரத்தம் எடுங்க, கிருமி வளர்த்துப் பார்க்க ரெண்டு புட்டி, லாக்டேட் ஒண்ணு. எடுத்த கையோட ஆன்டிபயாடிக்." மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். "சலைன் ரெண்டு கையிலயும் வேகமா போகட்டும். ஆக்சிஜன். ஐ.சி.யூ.வுக்கு நான் சொல்றேன். ஓடுங்க ரத்மிலா."

சைரன் என்று சொல்லவில்லை என்பதை அவள் படிக்கட்டில் இறங்கும்போதுதான் கவனித்தாள்.

முதல் சொட்டு மருந்து ஷிவோயினின் நரம்புக்குள் இறங்கியபோது மணி பதினொன்று ஐந்து. ரத்மிலா சலைன் புட்டியைக் கைகளால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னும் வேகமாக இறங்கட்டும் என்று. ஷிவோயின் ஒருமுறை கண்ணைத் திறந்து, விளக்கை அணைக்கச் சொன்னார். விளக்கு எரியவில்லை. தெசான்கா கட்டிலின் மறுபக்கம் அந்தச் சூட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவுமில்லை.

பதினொன்றரைக்கு டாக்டர் ஓப்ராட் வந்தார். அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார், முட்டிகளைப் பார்த்தார், தேநீர் நிறப் பையைத் தூக்கிப் பார்த்தார். குழாய் வழியாகக் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். கையெழுத்துப் போட்ட டிஸ்சார்ஜ் காகிதத்தை அட்டையிலிருந்து உருவி நான்காக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு, மருமகன் கார் ஹாரனைக் கீழே இரண்டு தடவை அடித்த நேரத்தில், கட்டிலை ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஐ.சி.யூ. கதவு சாத்திய பிறகு தெசான்காவின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பாதிரியார் வந்துவிட்டார், விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள், மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஸ்லாவாவைத் தள்ளிப்போட முடியாது. மகனே ரொட்டியை வெட்டட்டும் என்றும், பாட்டு மட்டும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு அவள் கைபேசியை வைத்தாள். பிறகு ரத்மிலாவைப் பார்த்தாள்.

"நான் தேய்க்காம இருந்திருந்தா?"

ரத்மிலாவின் உதட்டில் தயாராக ஒரு ஆறுதல் இருந்தது. அது வெளியே வரவில்லை.

"ஏழேகால் மணிக்கே தெரிஞ்சிருக்கும். நாலு மணி நேரம்," என்றாள். "ஆனா நான் ஒரு நிமிஷம் நின்னு மூச்சை எண்ணியிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

தெசான்கா தலையாட்டினாள். இருவரும் அந்த நாலு மணி நேரத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்று தெரியாமல் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அவர் பிழைப்பாரா என்று டாக்டர்களுக்கே தெரியாது. அன்று மாலை வரைக்கும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் தெரியாது. ஞாயிறு விடுப்பில் இருந்த ரத்மிலா மூன்று முறை போன் செய்து, அழுத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். தான் நர்ஸ் என்ற முறையில் கேட்கிறோமா, குற்றவாளி என்ற முறையில் கேட்கிறோமா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து ரத்மிலா ஐ.சி.யூ.வுக்குப் போனபோது ஷிவோயின் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. முகம் பாதியாகியிருந்தது. தெசான்கா சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். ரத்மிலாவைப் பார்த்ததும் அவர் கரண்டியை ஒதுக்கினார்.

"நீதானா அது?" என்றார். குரல் இன்னும் கரகரப்பாக இருந்தது. "நான் குடிச்சிருந்தேன்னு சொல்லி என்னைப் போகவிடாம பண்ணினது?"

ரத்மிலா தெசான்காவைப் பார்த்தாள். தெசான்கா சூப் கிண்ணத்துக்குள் பார்த்தாள். அவள் காது மடல்கள் சிவந்தன.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. வெள்ளி இரவு தூங்கினார், திங்கள் மத்தியானம் கண்விழித்தார், நடுவில் அவருடைய முதல் ஸ்லாவா நடந்து முடிந்துவிட்டது. மகன் ரொட்டியை வெட்டிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு வீட்டில் யாரோ, நர்ஸுக்கு ரக்கியா வாசனை வந்ததாம் என்று பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

"அஞ்சு நாளா நான் தண்ணியைத் தவிர எதையும் தொடல. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல வாசனையோட ஒரு நாள் வண்டி ஏறினதில்ல. அறுபத்தாறு வயசு வரைக்கும் அந்த மெழுகுவர்த்திக்காகக் காத்திருந்தேன். உனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு எல்லாம் இருந்தது. காலுறைகள், குளிர்நடுக்கம், கதவிடுக்கில் தான் சொன்ன ஒரு வாக்கியம். தெசான்கா மெதுவாகக் கண்ணை உயர்த்தினாள். அந்தக் கண்கள் கேட்டது, சொல்லாதே என்பதா, நீயாவது சொல்லிவிடேன் என்பதா? இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

"எனக்கு வாசனை வந்துச்சு," என்றாள் ரத்மிலா. "குடிச்சிருக்கீங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். தப்பு."

"தப்புன்னு இப்ப சொல்றியா." அவர் தலையணையில் சாய்ந்தார். "ஸ்லாவாவுக்கு நாங்க யாரையும் கூப்பிடறதில்ல. வர்றவங்க வருவாங்க, வந்தவங்க சாப்பிடுவாங்க. ஆனா அடுத்த வருஷம் நீ வராத."

"வரமாட்டேன்."

"பன்னிக்கறி இருக்கும், முட்டைக்கோஸ் சுருள் இருக்கும், அதுக்காக மனசு மாறி வந்துடாத."

வரமாட்டேன் என்று அவள் மறுபடியும் சொன்னாள். அவர் திருப்தியோடு தலையாட்டி, கரண்டிக்காக வாயைத் திறந்தார். தெசான்கா ஊட்டியதில் கொஞ்சம் சூப் போர்வையில் சிந்தியது. அதற்கும் அவர் திட்டினார். ரத்மிலா வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டு, மூன்றாவது வந்தபோது, தினமும் ஏறுகிற பேருந்துதான் என்றாலும், அது தன் வீட்டுப் பக்கம் போகிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு ஏறினாள்.